தலைக்கு மேல வேலை, கழுத்து வரைக்கும் கடன்: முதல்ல என்ன செய்யணும்?

(கிராமக் குழுக்களின் மாதக் கூட்டத்துக்கு, வடசென்னை காசிமேட்டிலிருந்து வந்திருந்த குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இவர் மீன் வியாபாரம் செய்கிறார்.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்ல. கூடைக்கு முன்னால உட்கார்ந்து கூவித்தான் பழக்கம். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் 20 வருஷமா மீன் விக்கிறேன். ராத்திரி 2 மணிக்கு எழுந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவேன். படகு வந்ததும் ஏலம் நடக்கும். சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி, எது கட்டுபடியாகுதோ அதை எடுத்து, ஐஸ் போட்டு, மீன்பாடி வண்டியில ஏத்தி, திருவொற்றியூர்ல கொண்டு போய் விப்பேன். மதியம் மிச்சம் இருந்தா தெருத்தெருவா சுமந்து போவேன். அதுக்கப்புறம் வீட்டு வேலை.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சு. வெள்ளத்தோட சேர்ந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் பூரா பரவிச்சு. டிவியில பார்த்த ஜனங்க மீன்னாலே பயந்தாங்க. "இது தூரக் கடல் மீனும்மா"ன்னு சொன்னாலும் திரும்பிப் பார்க்கல. அப்போ ஒரு தண்டல் வாங்கினேன். அதைக் கட்ட இன்னொண்ணு. அப்புறம் மூணாவது. ஜனங்க மறுபடி மீன் வாங்க ஆரம்பிச்ச பிறகும் என் கடன் மட்டும் இறங்கல.

வெட்கத்தில ரெண்டு மாசம் குழுக் கூட்டத்துக்கே போகல. தலைவி அக்காவும் இன்னும் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. நான் உள்ளே ஒளிஞ்சுக்கிட்டு, "அம்மா இல்லன்னு சொல்லு"ன்னு மகளை அனுப்பினேன். அவங்க போகல, வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க. வேற வழியில்லாம வெளியே வந்தேன். தவணை கேப்பாங்கன்னு நினைச்சேன். அக்கா கேட்டது ஒண்ணுதான்: "உன் வியாபாரத்தில ஒரு நாளைக்கு என்ன வருது, என்ன போகுது? நோட்டு எடு."

எனக்குச் சொல்லத் தெரியல. 20 வருஷம் வியாபாரம் பண்ணியும் தெரியல. மகள் எழுத, நான் சொல்லச் சொல்ல ஒரு நாள் கணக்கு வந்துச்சு. அதை உங்களுக்கும் சொல்றேன்.

ஏலத்தில மீன் 3,000 ரூபா. ஐஸ் 100. வண்டி 150. டீ, டிபன் 50. மொத்தம் 3,300. வித்தது 3,900. ஆக லாபம் 600. ஆனா நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? 3,000-க்கு வாங்கி 3,900-க்கு வித்தா 900 லாபம்னு நினைச்சேன்.

அந்த 3,900-ல 400 ரூபா கடன் சொல்லிட்டுப் போனது. கையில வந்தது 3,500. அதில வீட்டுக்கு 500 எடுத்தேன். தண்டல்காரருக்கு 100 கொடுத்தேன். மிச்சம் 2,900. மறுநாள் வியாபாரத்துக்கு 3,300 வேணும். 400 குறையுது. அதுக்கு மறுபடி கடன்.

அக்கா சொன்னாங்க: "உனக்கு நஷ்டம் இல்லடி. உன் 400 ரூபா அடுத்தவங்க வீட்டு வாசல்ல நிக்குது. அதை நீ வட்டிக்கு வாங்கி நிரப்புற." அன்னைக்குத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. நோய் எதுன்னு தெரிஞ்சாத்தானே மருந்து?

அதுக்கப்புறம் நாங்க செஞ்சதை ஒண்ணொண்ணாச் சொல்றேன். உங்களுக்கு இட்லிக் கடையோ, தையலோ, கறவை மாடோ எதுவா இருந்தாலும் பொருந்தும்.

முதல்ல, 7 நாள் கணக்கு எழுதுங்க. எழுதத் தெரியலன்னா பிள்ளைங்களை எழுதச் சொல்லுங்க. மாட்டுக்குப் போட்ட தவிட்டையும், தையலுக்கு வாங்கின நூலையும், பஸ் காசையும் விடாதீங்க.

ரெண்டாவது, மூணு டப்பா வெச்சுக்கோங்க. ஒண்ணு முதல். ரெண்டாவது வீட்டுச் செலவு. மூணாவது தவணையும் சேமிப்பும். சாயங்காலம் காசு எண்ணினதும் மொதல்ல முதல் டப்பாவை நிரப்புங்க. விதைநெல்லைச் சோறாக்கக் கூடாதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? வீட்டுக்கு எடுக்கிறது உங்க கூலி. அதுக்கு ஒரு அளவு வைங்க. நான் 500-ஐ 350 ஆக்கினேன். மூணு மாசம் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

மூணாவது, கடன் வியாபாரம். ஒரேயடியா நிறுத்தினா வாடிக்கை போயிடும். "பழைய பாக்கி கொடுத்தாத்தான் புதுசு"ன்னு சிரிச்ச முகத்தோட சொன்னேன். ரெண்டு வீடு கோவிச்சுக்கிட்டாங்க. மத்தவங்க கொடுத்தாங்க.

நாலாவது, தண்டல். 10,000-னு பேரு, கையில 9,000 தருவாங்க. தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். ஆயிரம்தானே வட்டின்னு தோணும். ஆனா நாம தினமும் திருப்பிக் கட்டிக்கிட்டே வரோம். கணக்குப் பார்த்தா சராசரியா பாதிப் பணம்தான் நம்ம கையில இருக்கு. அதே 9,000-ஐ நூத்துக்கு மாசம் ஒரு ரூபா வட்டியில குழுவில வாங்கி அதே மாதிரி கட்டினா, வட்டி ஏறக்குறைய 150 ரூபாதான். எங்க குழு எனக்கு உள்கடன் கொடுத்துச்சு. அதை வெச்சு மூணு தண்டல்ல ரெண்டை உடனே அடைச்சேன். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாத்தையும் தடுக்க 2003-லயே தமிழ்நாட்டில சட்டம் வந்திருக்கு. யாராவது வாசல்ல வந்து மிரட்டினா தனியாப் போகாதீங்க, குழுவோட போய்ப் புகார் கொடுங்க.

அஞ்சாவது, எல்லா வேலையையும் நாமளே இழுத்துப் போட்டுக்கக் கூடாது. மதியம் தெருவில சுமந்து விக்கிறதில என்ன கிடைக்குதுன்னு பார்த்தேன். 60, 70 ரூபாதான். முட்டி வலிக்குத் தைலம் வாங்கவே சரியாப் போச்சு. அதை விட்டுட்டேன். மிச்ச மீனைக் கருவாடு போட ஆரம்பிச்சேன். இப்போ நாங்க மூணு பேர் சேர்ந்து ஏலம் எடுக்கிறோம். ஒரே வண்டியில ஏத்தி வாடகையைப் பங்கு போட்டுக்கிறோம். ஏலத்துக்கு முறை வெச்சுப் போறோம். வாரத்தில ரெண்டு நாள் நான் 5 மணி வரைக்கும் தூங்குறேன். தூக்கம் இருந்தாத்தான் சில்லறையே சரியா எண்ண வருது!

ஆறாவது, வராத காலத்துக்கு இப்பவே எடுத்து வைங்க. எங்களுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. மிச்சம் இருக்கிற 304 நாளும் தினம் 20 ரூபா போட்டா 6,080 சேரும். தடைக்காலத்தில நாளுக்கு நூறு ரூபா கையில இருக்கும். உங்களுக்கு மாடு பால் வத்துற மாசம், மழை மாசம் எதுன்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு ஒரு உண்டியல் போடுங்க.

கடைசியா ஒண்ணு. கட்ட முடியாத மாசம்தான் நாம கூட்டத்துக்கு வராம இருக்கோம். உண்மையில அந்த மாசம்தான் கட்டாயம் வரணும். வராதவங்களைப் பார்த்து, "அவ ஏமாத்துறா"ன்னு பேசுறதுக்கு முன்னால, மத்தவங்க அவ வீட்டு வாசல்ல போய் உட்காருங்க. அன்னைக்கு எங்க அக்கா திரும்பிப் போயிருந்தா, நான் இன்னைக்கு உங்க முன்னால நிக்க மாட்டேன்.

எனக்குக் கடன் எல்லாம் தீர்ந்துடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கம்மல் இன்னும் அடகுலதான் இருக்கு. ஆனா அதை எந்த மாசம் மீட்பேன்னு நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியும். மகள் பிளஸ் டூ படிக்கிறா. என் கணக்கை இன்னும் அவதான் எழுதுறா.

வீட்டுக்குப் போனதும் டிவி போடுறதுக்கு முன்னால இன்னைக்கு ஒரு நாள் கணக்கை மட்டும் எழுதிப் பாருங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோட வாங்க.