குதர்க்கவாதிகள் கேட்ட கேள்வி

(அவனியாபுரத்தில் நடந்த வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதியைப் பற்றி வீட்டிலோ வகுப்பிலோ இரண்டாவது கேள்வி கேட்டால் நமக்குக் கிடைக்கும் பட்டம் ‘குதர்க்கம்’, ‘விதண்டாவாதம்’. இந்த வசை பழையது. தர்க்க நூலை வைத்துக்கொண்டு வேதத்தையும் ஸ்மிருதியையும் இகழ்பவனை விலக்கிவைக்கச் சொல்கிறது மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம். கிரேக்கத்தில் இதே வேலையைச் செய்த சொல் ‘சோஃபிஸ்ட்’.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய், காசு வாங்கிக்கொண்டு வாதம் சொல்லிக்கொடுத்தவர்கள் சோஃபிஸ்டுகள். புரோட்டகோரஸ், கோர்கியாஸ் போன்றவர்கள் ஏதென்ஸுக்கு வெளியூர்க்காரர்கள். அவர்கள் எழுதியவை பெரும்பாலும் அழிந்துவிட்டன. அவர்களை நாம் அறிவது பெரும்பாலும் எதிரியான பிளாட்டோவின் வழியாகத்தான். குண்டலகேசியைப் பற்றி நீலகேசியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது மாதிரி! அவர்கள் கூலி வாங்கியதைப் பிளாட்டோ விடாமல் கேலி செய்கிறார். நிலமும் அடிமையும் உள்ளவர் இலவசமாகத் தத்துவம் பேசலாம். உதவித்தொகை வந்த மாதத்தில் மட்டும் புத்தகம் வாங்கும் எனக்கு அந்தக் கேலி அவ்வளவாக ரசிக்கவில்லை.

அவர்கள் எழுப்பிய முக்கியமான கேள்வி இது: எது இயற்கை, எது மனிதர் வைத்த வழக்கம்? கிரேக்கரும் பிறரும் பிறப்பில் ஒன்றே, எல்லோரும் மூச்சுவிடுவது வாயாலும் மூக்காலும்தான் என்றார் ஆன்டிஃபோன். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் துண்டிலிருந்து இந்தப் பகுதி அச்சுக்கு வந்தது 1915இல். இயற்கை யாரையும் அடிமையாகப் படைக்கவில்லை என்றார் கோர்கியாஸின் மாணவர் அல்கிடமாஸ். அந்த வாக்கியம் அரிஸ்டாட்டில் நூலுக்கு எழுதப்பட்ட ஓர் உரைக்குறிப்பில் ஒட்டிக்கொண்டு பிழைத்தது. சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கூற்றோ பாடநூலாகவே நின்றது.

இதன் விலை என்ன? 1550-51இல் ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில் ஒரு விவாதம் நடந்தது. அமெரிக்கப் பூர்வகுடிகள்மீது போர் தொடுத்து அடக்குவது நியாயமா என்பது கேள்வி. நியாயம்தான் என்ற செபுல்வேதா, அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ நூலை லத்தீனில் மொழிபெயர்த்தவர். எதிர்த்து நின்றவர் பாதிரியார் லாஸ் காஸாஸ். அவர் பெரிய மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அவரும்கூட ‘இயற்கை அடிமை’ என்ற வகையையே உடைக்காமல், இந்த மக்கள் அந்த வகையில் சேரமாட்டார்கள் என்றே பெரும்பாலும் வாதாடினார்.

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. மதுரையில் எந்தத் திருப்பத்தில் நின்றாலும் ‘ஆண்ட பரம்பரை’ என்று ஒரு சுவரொட்டி தெரியும். ‘நாங்கள் தாழ்ந்தவர்கள் இல்லை’ என்பது ஒரு பேச்சு. ‘பிறப்பால் தாழ்ந்தவர் என்று எவருமே இல்லை’ என்பது முற்றிலும் வேறு பேச்சு. முதல் பேச்சில் ஏணி அப்படியே இருக்கும், நாம் மட்டும் ஒரு படி ஏறி நிற்போம்.

ஐரோப்பாவில் இரண்டாவது பேச்சு மெல்லத் திரும்பி வந்தது. நாம் இயற்கை என்று நினைப்பவற்றில் பல பழக்கத்திலிருந்து பிறந்தவை என்று மொந்தேன் எழுதினார். 1651இல் வந்த ‘லெவியத்தான்’ நூலில் ஹாப்ஸ், அரிஸ்டாட்டிலைப் பெயர் சொல்லியே மறுத்தார்: எஜமானும் வேலைக்காரனும் மனிதர் ஒப்புக்கொண்ட ஏற்பாடு, இயற்கையின் வேலை அல்ல. அந்த இடத்தில் ஹாப்ஸ் எந்தச் சோஃபிஸ்டின் பெயரையும் சொல்லவில்லை. அவர் சமத்துவப் போராளியும் அல்ல, முழு அதிகாரம் கொண்ட மன்னனை விரும்பியவர். சோஃபிஸ்டுகளிடம் படித்தவர்களும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள்தான். யாரையும் தியாகியாக்க வேண்டியதில்லை. கேள்வி முக்கியம்.

அந்தக் கேள்வியை நம் பக்கத்தில் கேட்டவன் மணிமேகலையின் ஆபுத்திரன். வேள்விக்குக் கட்டிய பசுவைக் கவர்ந்துகொண்டு போனதற்காகப் பார்ப்பனர்கள் அவனை அடித்து, பிறப்பைச் சொல்லி ஏசுகிறார்கள். நானும் உயர்ந்தவன்தான் என்று அவன் கெஞ்சவில்லை. பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவர்களையெல்லாம் நீங்கள் முனிவர்கள் என்று கொண்டாடவில்லையா என்று கேட்கிறான். அவர்களுடைய அளவுகோலை அவர்களிடமே நீட்டுகிறான். பதில் வரவில்லை. பிச்சைக்குப் போன இடத்தில் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள்.

அங்கிருந்து அவன் வந்து சேர்ந்த ஊர் நம் மதுரை. சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, வீடு வீடாக வாங்கியதைப் பார்வையற்றோர், காது கேளாதோர், நோயாளிகள், ஆதரவற்றோர் எல்லோருக்கும் கொடுத்து, மிச்சத்தைத் தின்று, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறான்.