எதிராளி காத்த நூல்



பண்டைக் கிரேக்க இயற்கைத் தத்துவத்தைப் பேச வருகிறவர்கள் வழக்கமாகத் தேலீசில் தொடங்குவார்கள். நான் சிசிலித் தீவில் அக்ரகாஸ் நகரத்து எம்பெடாக்கிளீசையும், மணிமேகலையின் 27ஆம் காதையில் பேசும் ஆசீவகச் சமயவாதியையும் அருகருகே உட்கார வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

எம்பெடாக்கிளீஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டினர். மண், நீர், தீ, காற்று நான்கும் எல்லாவற்றுக்கும் வேர்கள். அன்பு அவற்றைக் கூட்டும், பகை பிரிக்கும். புதிதாகப் பிறப்பதும் அடியோடு அழிவதும் கிடையாது என்றார். அதைப் பாட்டாகவே பாடினார். எலும்புக்கு அவர் போட்ட கணக்கைக் கேளுங்கள்: எட்டுப் பங்கில் மண் இரண்டு, நீர் இரண்டு, தீ நான்கு. கணக்குத் தப்பாகவே இருக்கட்டும். ஒரு பொருள் இன்னதாக இருப்பதற்கு அதில் கலந்த அளவே காரணம் என்று அன்றைக்கே ஒருவர் நினைத்தாரே!

இனி வஞ்சி நகருக்கு வருவோம். மாதவன் வடிவில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் கேட்டுக்கொண்டே போகிறாள். ஆசீவகர் சொல்கிறார்: நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணு ஐந்து வகை. அதைப் பிளக்க முடியாது, ஒன்று இன்னொன்றுக்குள் புகாது, புதிதாய்த் தோன்றாது. திரண்டால் மலை, மரம், உடம்பு. பிரிந்தால் பழையபடி அணு. பூதங்கள் கூடும் அளவு ஒன்று, முக்கால், அரை, கால். எது மிகுந்ததோ அதன் பெயரே பொருளுக்கு வரும். அப்படியானால் தனி அணு ஏன் நம் கண்ணில் படுவதில்லை? அந்தி நேரத்தில் ஒற்றை மயிர் தெரியாது, கற்றையாக இருந்தால் தெரியும் என்கிறார். இந்த ஓர் உவமைக்காகவே அந்தக் காதையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

இருவர் நூலுக்கும் நேர்ந்த கதி ஏறக்குறைய ஒன்றுதான். எம்பெடாக்கிளீசின் பாட்டு முழுதாகக் கிடைக்கவில்லை. அரிஸ்டாட்டில் மறுப்பதற்காக எடுத்துக்காட்டியவையும், கி.பி. 6ஆம் நூற்றாண்டில் சிம்ப்ளீசியஸ் தம் உரையில் சேர்த்துவைத்தவையும் போன்ற துணுக்குகளே மிஞ்சின. ஆசீவகருக்கு அவ்வளவுகூட இல்லை. நவகதிர் என்ற நூற்பெயரே நீலகேசி சொல்லித்தான் தெரிகிறது. மணிமேகலை பௌத்த நூல், நீலகேசி சமண நூல். மறுக்க வந்தவர்கள் எதிராளியின் வாதத்தை இத்தனை தெளிவாக எழுதிவைத்தார்கள். அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இந்தச் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலைப் பாறையில் சமண ஆசிரியர்களின் பெயர்களும், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் வெட்டப்பட்டுள்ளன. கற்றும் கற்பித்தும் வாழ்ந்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

அணுக் கொள்கை அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்ற வழக்கில் இந்த மாநாட்டின் அமர்வுகளைக் கரைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைத் தீர்க்கும் சான்று நம் கையில் இல்லை. வேறுபாட்டில்தான் வேலை இருக்கிறது. அங்கே அன்பும் பகையும் உலகை நடத்துகின்றன. இங்கே பெறுவதும் இழப்பதும் கருவிலேயே அமைந்துவிடுகின்றன. ஊழ் எல்லாவற்றையும் நடத்துகிறது. அணுவை இத்தனை நுட்பமாக ஆராய்ந்தவர்கள் ஏன் ஊழை இத்தனை இறுக்கமாகப் பிடித்தார்கள்? இதற்கு விடை தேடும் கட்டுரையை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்ட்ராஸ்பூர்க் நூலகத்தில் துண்டு துண்டாகக் கிடந்த எகிப்தியப் பாப்பிரஸ் ஒன்று எம்பெடாக்கிளீசின் வரிகளே என்று தெரிந்து, 1999இல் பதிப்பாக வந்தது. வாங்கிவைத்த காலம் முதல் பல பதிற்றாண்டுகள் அங்கேயேதான் இருந்தது. நம் பக்கமும் அப்படித் தேட இடம் உண்டு: சிவஞான சித்தியார் பரபக்கத்திலும் ஆசீவகர் மத மறுப்பு உண்டு. அதன் உரைகளிலும் ஏட்டுச் சுவடிகளிலும் ஆசீவகர் வாக்காக ஒரு வரி தென்பட்டாலும் தனியே குறித்துவைத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

முதல் அமர்வுக்குக் கட்டுரையாளர்களை அழைத்து, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.