ஒளி இடும் கட்டளை

தேர்வடத்தைப் பற்றிய கைகள் எத்தனையாயினும், அவை ஒருங்கே இழுத்தாலன்றித் தேர் அசையாது. நேயர்களே, பேராற்றல் வாய்ந்த மின்துடிப்புப் பொறிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

ஜெர்மானியரான எர்வின் மார்க்ஸ் 1924ஆம் ஆண்டில் ஓர் உபாயம் வகுத்தார். பல கொள்ளளவிகளைச் சமாந்தரமாக இணைத்து மின்னேற்றி, பின்னர் தீப்பொறி இடைவெளிகளின் வழியே தொடராக்கினால், அவற்றின் அழுத்தங்கள் ஒன்றுகூடும். அமெரிக்காவின் அல்புகேர்க்கி நகரில், சாண்டியா ஆய்வுகூடத்தின் ‘இசெட்’ இயந்திரத்தில் இத்தகைய பொறிகள் 36 உள.

அவற்றின் துடிப்புகள் நடுவிலுள்ள சிறு இலக்கை ஒருசேர அடைதல் வேண்டும். மின்னோட்டம் உச்சத்தை எட்டுவதோ ஏறத்தாழ 100 நனோசெக்கனில். ஒரு நனோசெக்கன், செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியே 30 சென்ரிமீற்றர்தான் செல்லும். தானாக மூளும் தீப்பொறி இத்துணை நுண்மையாகக் காலங்காக்க வல்லதன்று.

ஆகவே, துடிப்பு செல்லும் வழியிலுள்ள வாயு ஆளிகளினுள் புறஊதா லேசர்க் கதிர் குவிக்கப்படுகிறது. குவியுமிடத்தில் வாயு அயனாகி, மின்னுக்குப் பாதை திறக்கிறது. ஒளிக்கதிர் வருவதற்குக் கம்பி வேண்டாமையால், பல இலட்சம் வோல்ற்று அழுத்தம் லேசர்க் கருவியைத் தாக்குவதுமில்லை.

இவ்வொருமைப்பாட்டினால் 2 கோடி அம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பிறக்கிறது. அணுவாயுத ஆய்வு, அணுக்கரு இணைவு ஆராய்ச்சி, கோள்களின் உட்பகுதியிலுள்ள அழுத்தத்தை அறிதல் ஆகியவற்றுக்கு அது பயன்படுகிறது. துடிப்புகள் முன்பின்னாக வந்தால் அவ்வலிமை சிதறிவிடும். ஆற்றலைத் திரட்டுதல் பாதிப் பணியே. உரிய கணத்தில் அதனை விடுத்தலே மறுபாதி.