நாக்குக்கும் விரதம்

பௌர்ணமி அன்று கிரிவலம் போனார் ஒருத்தர். காலையிலிருந்து முழுப் பட்டினி. 14 கிலோமீட்டர் பாதையில் நடந்து, மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலைக்கு வந்தார். ஆதி அருணாசலேஸ்வரரைக் கும்பிட்டார். விரதம் முடிந்தது!

நேரே பஜ்ஜிக் கடை. சுடச்சுட ஆறு பஜ்ஜி, மேலே ஜில்லென்று ஒரு கலர். கொஞ்ச தூரம் போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சுக்குக் காபி விற்ற பாட்டி கேட்டாள்: "ஏம்ப்பா, நாள் பூரா அடுப்பை அணைச்சு வச்சுட்டு, திடீர்னு அண்டாவை ஏத்துனா எப்படி வேகும்?"

சீன வைத்தியமும் இதையேதான் சொல்கிறது. வயிறு ஒரு பானை. அதற்கு அடியில் இதமான சூடு வேண்டும். ஜில்லென்று ஊற்றினால் அடுப்பு அவிந்துவிடும். அதனால்தான் சோர்ந்த உடம்புக்கு அவர்கள் அரிசிக் கஞ்சி கொடுக்கிறார்கள். அங்கேயும் விரதம் உண்டு: தாவோ துறவிகளில் சிலர் தானியத்தையே விட்டு, மூச்சுப் பயிற்சி செய்தார்கள். அந்த முறையைச் சொல்லும் பட்டுச் சுவடி ஒன்று, 1973-இல் சீனாவின் மாவாங்துயி கல்லறையில் கிடைத்தது. அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168-இல்!

நம் வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே எழுதினார். அதில் ஒரு மூலிகைப் பெயர்கூடக் கிடையாது. முன்னால் சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்து, பசித்த பிறகு அளவோடு சாப்பிடச் சொன்னார்.

சுக்குக் காபி குடித்ததும் நம்மவர் கொஞ்சம் தெளிந்தார். "விரதம் இருந்தும் இப்படி ஆயிடுச்சே பாட்டி!"

பாட்டி சிரித்தாள்: "வயித்துக்கு மட்டும் விரதம் இருந்தா போதுமா? நாக்குக்கு யாரு இருப்பா?"