ட்ரோன் பார்த்ததும் பிள்ளைகள் பார்த்ததும்
(திரையிடலுக்குப் பின் பேசியதன் எழுத்து வடிவம்)



இப்ப நாம பார்த்து முடிச்ச படம் 'சாமூனி ரோடு'. இத்தாலிய இயக்குநர் ஸ்டெஃபனோ சவோனா எடுத்து 2018இல் வெளிவந்தது. அந்த வருஷம் கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான பரிசு வாங்கியது. படம் ஓடும்போதே ஒரு மாணவத் தோழர் கேட்டார்: "செத்தவங்க கதைய எதுக்குக் கார்ட்டூனா வரையணும்?" நியாயமான கேள்வி. அதை மட்டும் பேசிட்டு உட்கார்ந்துடறேன்.

காஸா நகரின் தெற்கு ஓரம் ஜெய்தூன். அரபியில் ஜெய்தூன் என்றால் ஆலிவ். சாமூனிகள் அங்கே மண்ணை நம்பிப் பிழைத்த விவசாயக் குடும்பம். 2009 ஜனவரி 4ஆம் தேதி இஸ்ரேலிய ராணுவம் உள்ளே வந்தது. ஏறக்குறைய நூறு பேரை, குழந்தை குட்டிகளோட, ஒரே வீட்டுக்குள் போகச் சொன்னது. மறுநாள் காலை அதே வீட்டின் மேல் குண்டு. அங்கேயே 21 பேர் செத்தார்கள். குடும்பத்தில் மொத்தம் 29 பேர். செஞ்சிலுவைச் சங்கம் அனுமதி கேட்டுக் காத்துக் கிடந்தது. 7ஆம் தேதிதான் விட்டார்கள். ஒரு வீட்டில் செத்த தாய்மார் பக்கத்தில் நாலு சின்னப் பிள்ளைகள், எழுந்து நிற்கத் தெம்பில்லாமல்.

அன்னிக்கு அந்த இடத்துக்கு மேல ஒரு கேமரா இருந்துச்சு. ராணுவத்தோட ட்ரோன். விறகு எடுக்க வெளியே வந்தவங்க அந்தப் படத்துல ராக்கெட் தூக்கினவங்களா தெரிஞ்சாங்களாம். ஐ.நா. விசாரணைக்குத் தலைமை வகித்த ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோனே 2011இல், தளபதி ட்ரோன் படத்தைத் தவறாகப் படித்ததன் விளைவு போலத் தெரிகிறது என்று எழுதினார். கூட இருந்த மூன்று உறுப்பினர்களும் தங்கள் அறிக்கையை விட்டுக் கொடுக்கவில்லை. 2012இல் ராணுவ வழக்குத் துறை கோப்பை மூடியது. ஒருத்தர் மேலயும் குற்றச்சாட்டு கிடையாது. சரி, படத்தைத் தப்பாப் படிச்சாங்கன்னே வெச்சுக்குவோம். நூறு பேரை அங்கே கொண்டு அடைச்சது யாரு?

ஆக, சாட்சியம் என்று சொல்லத்தக்க ஒரே படம் கொன்றவன் கையில். செத்தவர்கள் பக்கம் பிள்ளைகளின் ஞாபகம் மட்டும்தான். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை அப்போது இஸ்ரேல் காஸாவுக்குள் விடவும் இல்லை. அந்த ஞாபகத்தைத்தான் சிமோனே மாஸ்ஸி வரைகிறார். கறுப்புப் பரப்பைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளைக் கோடு எடுக்கிற முறை. அதுல செத்துப்போன அப்பா நடக்கிறார், பேசுகிறார், பிள்ளைங்களோட இருக்கிறார். பிணமா இல்ல, மனுஷனா. ட்ரோன் பார்வையையும் படம் புனைந்து காட்டுகிறது: மேலிருந்து பார்த்தால் முகமில்லாத வெள்ளைப் புள்ளிகள். இரண்டையும் பக்கத்துல வெச்சதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தோட அரசியல். வெறும் பிணங்களைக் காட்டியிருந்தா நாம 'ஐயோ பாவம்'னு எழுந்து போயிருப்போம்.

குண்டுவீச்சு நடந்த நாட்களிலேயே காஸாவில் படம் பிடித்த சவோனா, மறு வருஷம் ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பிப் போகிறார். போருக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் முதல் விசேஷம். பெற்றோரையும் வீட்டையும் ஆலிவ் மரங்களையும் இழந்தவர்கள் மறுபடி நிலத்தை உழுது கன்று நடுகிறார்கள். அந்தக் காட்சிகளில் கோடு ஓவியம் இல்லை, நேரடிப் படப்பிடிப்பு. உயிரோட இருக்கிறவங்களுக்குக் கேமரா போதும்.

2023 அக்டோபருக்குப் பிறகு அதே ஜெய்தூன் மறுபடியும் இடித்துத் தள்ளப்பட்டது.

படத்தின் பிரதி என்கிட்ட இருக்கு. விடுதியில போட நினைக்கிற தோழர்கள் போகும்போது வாங்கிக்குங்க.