சவுக்காரத்திற்கு எண்ணெய் தெரிந்தெடுத்தல்

(நீலகிரிக் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கான உபந்நியாசம்)



நீலகிரியில் எண்ணெய் என்றவுடன் நினைவுக்கு வருவது கற்பூர மரத்து இலையினின்று வடிக்கும் யூகலிப்டஸ் தைலமே. சோப்பு என்னும் சவுக்காரத்தை வீட்டிலேயே செய்ய முற்படுவோர் சிலர், மலையிலேயே கிடைக்கும் இத்தைலத்தைக் கொண்டு அதைச் செய்தாலென்ன என்று வினவுகின்றனர். அது ஆகாத காரியம். கொழுப்பும் காரமும் கூடிப் பிறப்பதே சவுக்காரம். தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகியவை கொழுப்பெண்ணெய்கள். காஸ்டிக் சோடாவுடன் சேர்ந்தால் அவை சவுக்காரமாகவும் கிளிசரினாகவும் மாறும். யூகலிப்டஸ் தைலமோ காற்றில் ஆவியாகிப் போகும் வாசனைத் திரவியம். அதில் கொழுப்பென்பதே இல்லை. எத்தனை நாழிகை கிண்டினாலும் காரம் காரமாகவே நிற்கும். தொட்ட கை வெந்துபோகும். கிலோ எண்ணெய்க்கு 15 கிராமுக்கு மேற்படாமல் மணத்திற்காகச் சேர்ப்பதொன்றே அதற்குரிய இடம்.

ஆகவே சவுக்காரத்திற்கு வேண்டிய எண்ணெய் சமவெளியிலிருந்து மலைப்பாதை ஏறித்தான் வரவேண்டும். எதை வரவழைப்பது என்பதே கேள்வி. சமவெளியார் கைக்கொள்ளும் முறையை அப்படியே இங்கு எடுத்தாளுதல் தகாது. காரணம் குளிர்.

உதகையிலும் குன்னூரிலும் குழாய் நீர் பெரும்பாலும் சில்லென்றிருக்கும். பனையெண்ணெய், இலுப்பை எண்ணெய், மாட்டுக் கொழுப்பு ஆகியவற்றாலான சவுக்காரம் கட்டியாயும் நீடித்து உழைப்பதாயும் இருப்பினும், குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. துணி வெளுக்க நீரைச் சுடவைக்க வேண்டும். அதற்கு விறகு வேண்டும். தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் அப்படியன்று. எவ்வளவு குளிர்ந்த நீரிலும் உடனே கரைந்து நுரை பொங்கும். துணிக்கு அதனினும் மேலானதில்லை.

ஆனால் உடம்புக்கு அதையே தனித்து உபயோகித்தால் வேறொரு தொல்லை நேரிடுகிறது. தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் அழுக்கோடு தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையையும் சேர்த்தே கழுவிவிடும். மார்கழி, தை மாதத்து உறைபனிக் காலத்தில் காலை முதல் கொழுந்து கிள்ளும் பெண்டிர் விரல்கள் முன்னமே வெடித்திருக்கும். அவ்விரல்களுக்கு இது பின்னும் எரிச்சல் தரும். குளிர்ந்த நீருக்குத் தேங்காயெண்ணெய் வேண்டும். குளிரால் வெடித்த தோலுக்கோ அது மிகலாகாது. மலைநாட்டில் எண்ணெய் தெரிந்தெடுப்பதன் சிரமமெல்லாம் இதிலேதான் இருக்கிறது.

உடம்புச் சவுக்காரத்திற்கு ஏற்ற அளவு ஒன்று சொல்லலாம்: தேங்காயெண்ணெய் 600 கிராம், கடலையெண்ணெய் 300 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம். கடலையெண்ணெய் தோலுக்கு இதமளிக்கும். ஆமணக்கெண்ணெய் நுரையைக் கலையவொட்டாமல் பிடித்து நிறுத்தும். ஆமணக்கு இதற்கு மிஞ்சினால் கட்டி பிசுபிசுக்கும். நல்லெண்ணெய் இருப்பவர் கடலையெண்ணெய்க்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம். சமையலுக்கு உகந்ததை இதில் ஊற்றுவானேன் என்று இல்லத்தரசி கேட்டால் அதற்கு மறுமொழியில்லை. வேப்பெண்ணெயை விரும்புவோர் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க வேண்டாம். அதன் நாற்றம் எந்தத் தைலத்துக்கும் அடங்காது.

இனிச் சொல்வதை அங்கத்தினர் மிகவும் கவனிக்க வேண்டும். எல்லா எண்ணெயும் ஒரே அளவு காரத்தை ஏற்பதில்லை. ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சவுக்காரமாக ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலையெண்ணெய்க்கு 136 கிராமும் ஆமணக்கெண்ணெய்க்கு 128 கிராமுமே போதும். தேங்காயெண்ணெய் விலையேறிய காலத்தில், காரத்தைக் குறைக்காமல் எண்ணெயை மட்டும் கடலையெண்ணெயாக மாற்றினால், கிலோவுக்கு 47 கிராம் காரம் கட்டியினுள்ளே தங்கிவிடும். பார்வைக்கு அது நல்ல சவுக்காரமே. குழந்தையின் மேனியில் தேய்த்த பிறகுதான் குணம் தெரியும். மேற்சொன்ன கலவைக்குக் கணக்குப்படி 163 கிராம் காரம் ஆகும். அதில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்து 155 கிராம் சேர்த்தால் சிறிது எண்ணெய் மாறாமல் நின்று தோலைக் காக்கும்.

இக்கணக்கு சுத்தமான எண்ணெய்க்கே பொருந்தும். கனிம எண்ணெய் கலந்த தேங்காயெண்ணெயை வாங்கினால், கலப்படம் காரத்தோடு சேராது. சேராத அளவுக்குக் காரம் மிஞ்சும். தனித்தனியே அரை லிட்டர், கால் லிட்டராக உதிரி எண்ணெய் வாங்குவோர் இதைக் கண்டறிய வழியில்லை. சங்கமே அங்கத்தினரின் தேவையைத் திரட்டி, காங்கேயம் போன்ற ஊர்களில் ஆட்டுமிடத்திலேயே முத்திரையிட்ட டின்களாக வாங்கி, டின் ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்துச் சோதனைச் சவுக்காரம் செய்து பார்த்த பின்பே வினியோகித்தல் நலம். பசுந்தேயிலையைச் சேர்ந்து அளிக்கப் பழகிய ஊரார்க்குச் சேர்ந்து வாங்குவது புதிதன்று.

சங்கத்துக்கும் சவுக்காரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர்க்கு ஒரு விஷயம். 1895, 1897-ஆம் ஆண்டுகளில் அறிக்கைகள் வெளியிட்டு, அந்நாளைய சென்னை மாகாணத்தில் கூட்டுறவுக்கு வித்திட்டவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். அவரே பின்னர் மீன்துறையை ஏற்று, மலையாளக் கரையில் மிகுந்து கிடந்த மத்தி மீனின் எண்ணெயைச் சவுக்காரமாக்க முனைந்தார். 1914-இல் கோழிக்கோட்டில் அரசாங்கச் சவுக்கார நிலையம் ஏற்பட்டது அம்முயற்சியின் பயனே. மீனெண்ணெய்ச் சவுக்காரம் குளியலுக்கு ஏற்றதன்று. ஆயினும் பயிர்ப்பூச்சிகளைக் கொல்லத் தெளிக்கும் நீருக்கு நன்கு பயன்பட்டது. முதுமைக் காலத்தை அவர் கழித்தது குன்னூரிலேதான்.

செய்முறையில் மலைக்கென்று உரியவை சில உண்டு. காரத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுக. காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது, பொங்கித் தெறிக்கும். 155 கிராமுக்கு 380 கிராம் தண்ணீர் போதும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும், எவர்சில்வரே தக்கது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் அவசியம். குழந்தைகள் அருகில் வேண்டாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையுமாதலால், எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் உருக்கி, காரநீரும் அதே சூட்டுக்கு ஆறிய பின் சேர்த்துக் கிண்டுக. வார்த்த அச்சைக் கம்பளியால் ஒருநாள் முழுதும் போர்த்தி வைக்க வேண்டும். குளிர் தாக்கினால் கலவை பாதியில் நின்றுபோகும்.

சமவெளியில் நான்கு வாரத்தில் உலரும் கட்டி, இங்கே ஆடி மாதத்து மூடுபனியில் எட்டு வாரமானாலும் ஈரமாகவே இருக்கக்கூடும். தை முதல் பங்குனி வரை செய்து வைத்துக்கொள்வது உத்தமம். மழைக்காலத்தில் செய்தே தீரவேண்டுமானால் அடுப்புக்கு மேலுள்ள பரணில் இடைவெளி விட்டு அடுக்கலாம். பண்டகசாலையில் எடைக்கு விற்கும் சங்கங்கள் வாரந்தோறும் ஒரே கட்டியை நிறுத்து எழுதி வருக. நான்கு வாரம் கழிந்து, அடுத்தடுத்த இரண்டு வாரம் நிறை குறையாதிருந்தால் அந்த ஈட்டை விற்பனைக்கு அனுப்பலாம். அதற்கு முன் விற்றால் அங்கத்தினர் தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுத்தவராவர்.