மக்கள் தொகைக் கணக்கும் மக்களவை இடங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு முடிந்த இந்த அவையில், நாமும் ஒரு கணக்கைப் பற்றியே பேச விழைகின்றோம். அது நம் நாட்டு மக்களின் தலைக்கணக்கு. நாடாளுமன்றத்தில் எந்த மாநிலத்தின் குரல் எவ்வளவு வலுவாக ஒலிக்கும் என்பதைத் தீர்மானிப்பதும் அந்தக் கணக்கே.

நம் அரசியல் சட்டத்தின் 81ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திற்கும் அதன் மக்கள் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் மக்களவை இடங்கள் அளிக்கப்பட வேண்டும் என்கிறது. ஒவ்வொரு கணக்கெடுப்பு முடிந்ததும் அந்த இடங்கள் மறுசீரமைக்கப்பட வேண்டும் என்பது 82ஆம் பிரிவு. இவ்விதியால் நம் மாநிலம் ஒருமுறை இழப்பைச் சந்தித்ததை இளைஞர்கள் பலர் அறியார். 1957, 1962 தேர்தல்களில் அன்றைய சென்னை மாநிலத்திற்கு 41 இடங்கள் இருந்தன. 1951 முதல் 1961 வரை நாட்டின் மக்கள் தொகை 21 சதவீதத்திற்கு மேல் வளர்ந்தபோது, நம் மாநிலத்தின் வளர்ச்சி ஏறத்தாழ 12 சதவீதமே. அதனால் 1967 தேர்தலில் நமக்குக் கிடைத்தவை 39 இடங்கள்; ஆந்திரமும் இரண்டு இடங்களை இழந்தது. நம் மக்கள் தொகை குறையவில்லை. பிறர் நம்மைவிட விரைவாக வளர்ந்தனர். ஒரு மாநிலம் இடம் இழப்பதற்கு அதுவே போதுமானது.

பின்னர், மக்கள் தொகையைக் கட்டுப்படுத்துமாறு அரசு எல்லா மாநிலங்களையும் வேண்டிற்று. அவ்வேண்டுகோளை ஏற்ற மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழப்பது முறையாகுமா என்னும் கேள்வி எழுந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம், 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமைந்த பங்கீட்டை 2001 வரை நிறுத்தி வைத்தது. 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தச் சட்டம் அந்நிறுத்தத்தை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2009 தேர்தலில் பெரியகுளம் போய்த் தேனியும், நாகர்கோவில் போய்க் கன்னியாகுமரியும் தொகுதிகளாக வந்தன அல்லவா? அப்போது மாறியவை மாநிலத்திற்குள் உள்ள எல்லைகள் மட்டுமே. 39 என்னும் எண்ணிக்கை மாறவில்லை.

1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்து வந்த கணக்கெடுப்பு 2021இல் நடைபெறவில்லை. 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அது நடைபெறும் என 2025 ஜூன் மாதத்தில் ஒன்றிய அரசு அறிவித்தது. 2026க்குப் பின் வரும் முதற் கணக்கெடுப்பு அதுவேயாகும் என்பதால்தான் இவ்விஷயம் இவ்வளவு பேசப்படுகிறது.

1971இல் நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏழரைப் பேர் தமிழகத்தினர். 2011இல் ஏறத்தாழ ஆறு பேர். 543 இடங்களையும் 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நேர் விகிதத்தில் பிரித்தால் தமிழகத்திற்கு ஏறத்தாழ 32 இடங்களும், இன்று 20 இடங்கள் பெற்றுள்ள கேரளத்திற்கு 15 இடங்களும் வரும். உத்தரப் பிரதேசத்தின் 80 இடங்கள் ஏறத்தாழ 90 ஆகும். பீகாரின் 40 இடங்கள் 47 ஆகும்.

இங்கே நாம் நீதியுடன் பேச வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகத்தில் ஓர் உறுப்பினர் பதினெட்டரை லட்சம் மக்களுக்குப் பிரதிநிதியாக இருக்கிறார். பீகாரில் ஒருவர் 26 லட்சம் பேருக்கும், ராஜஸ்தானில் ஒருவர் 27 லட்சம் பேருக்கும் பிரதிநிதியாக இருக்கிறார். ‘எங்கள் வாக்கின் மதிப்பு மட்டும் ஏன் குறைய வேண்டும்?’ என்று பீகாரின் ஓர் ஏழை விவசாயி கேட்டால், அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அரசின் கொள்கையை ஏற்று நடந்த மாநிலங்கள் அதற்குத் தண்டனை பெறலாகாது என்னும் நம் கேள்வியும் அதே அளவு நியாயமானது. இரண்டும் நியாயங்களே, ஆகவேதான் இதற்குக் கலந்தாலோசனை தேவைப்படுகிறது.

எவருடைய இடத்தையும் குறைக்காமல் மொத்த இடங்களைக் கூட்டிவிடலாம் எனச் சிலர் கூறுகின்றனர். 2023இல் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள் அமைக்கப்பட்டுள்ளன. ஆயினும் இருக்கை வேறு, பங்கு வேறு. நம் ஜமாஅத் நிர்வாகக் குழுவில் பத்துப் பேர் இருந்து, அவர்களில் மூவர் ஒரு தெருவினர் என வைத்துக்கொள்வோம். குழுவை இருபது பேராக்கி, அத்தெருவுக்கு நால்வரைத் தந்தால் எண்ணிக்கை கூடியதாகத் தோன்றும். ஆனால் பத்தில் மூன்றாக இருந்த அவர்களின் பலம் பத்தில் இரண்டாகிவிடும். சட்டங்கள் பங்கின் பலத்தால் நிறைவேறுகின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

2025 மார்ச் 22 அன்று சென்னையில் கூடிய பல மாநிலத் தலைவர்கள், இந்த நிறுத்தத்தை மேலும் 25 ஆண்டுகள் நீட்டிக்க வேண்டும் எனத் தீர்மானித்தனர். நம் கருத்தும் இதுதான்: எண்ணிக்கையின் பலம் கொண்டு ஒரு சாரார் முடிவெடுத்துவிட்டு, மறு சாராருக்குப் பின்னர் அறிவிப்பது ஒற்றுமைக்கு நலம் தராது. பங்கீட்டிற்கு முன்னரே எல்லா மாநிலங்களையும் அமர்த்திப் பேசி, ஓர் உடன்பாடு காண வேண்டும்.

அந்த முடிவு நம் கையில் இல்லை. நம் வீட்டு வாசலில் நடைபெறும் கணக்கெடுப்போ நம் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 435 இடங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாநிலங்களிடையே மறுபங்கீடு செய்யப்படுகின்றன. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நியூயார்க் மாநிலத்தின் மக்கள் தொகை கூடியிருந்தும், அது ஓர் இடத்தை இழந்தது. இன்னும் 89 பேர் மட்டும் கூடுதலாக எண்ணப்பட்டு, பிற மாநிலங்களின் கணக்கு மாறாதிருந்தால் அவ்விடம் நிலைத்திருக்கும். இரண்டு கோடி மக்களுள் 89 பேர்! நம் ஊரின் ஒரு சிறு சந்தில் வாழ்வோரைவிடக் குறைவான எண்ணிக்கை அது.

எனவே ஜமாஅத்தார்களை நாம் கேட்டுக்கொள்வது சில செய்திகளே. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என எண்ணாதீர்கள். பங்கீட்டிற்கு அடிப்படை மக்கள் தொகையே. நேற்றுப் பிறந்த குழந்தையும், படுக்கையில் உள்ள முதியவரும் அதில் ஓர் எண்ணே. கைக்குழந்தைகளையும், மாடியில் தனியே வாழும் மூதாட்டிகளையும் சொல்ல மறவாதீர்கள். கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வெளிநாட்டில் இருப்பவர் இங்கே எண்ணப்பட மாட்டார். அவரைச் சேர்த்துச் சொல்வது பொய்க் கணக்காகும். நம் கடைகளில் தங்கி உழைக்கும் பீகார், வங்காளச் சகோதரர்கள் வழக்கமாக இங்கேயே வசிப்பதால் இங்கேதான் எண்ணப்பட வேண்டும். அவர்களை விட்டுவிடாதீர்கள். 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிமனிதரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். பதிலளிப்பதும் சட்டக் கடமை. அச்சமின்றி, கூட்டாமலும் குறைக்காமலும் உண்மையைச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தெருவிலும் படித்த இளைஞர் இருவர், எழுதப் படிக்கத் தெரியாத வீட்டாருக்குத் துணை நிற்க முன்வர வேண்டும் என இந்தப் பொதுக்குழுவின் வாயிலாக வேண்டுகின்றோம். நாம் தரும் எண் ஓர் அமானிதம். அதன் மீது அடுத்த தலைமுறையின் பிரதிநிதித்துவம் எழுப்பப்படுகிறது.